அப்பா அம்மாவுக்கு ஒரு தரை வீடு: பிளான் போடத் தொடங்குபவர்களுக்கு

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இப்போது வீடு கட்டுகிறவர்களில் பலர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். லயத்து வீட்டை நிர்வாகத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, டவுனை ஒட்டி ஒரு துண்டு நிலம் வாங்கியிருப்பார்கள். பணம் போடுவது கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள். பிளான் கேட்டு வருவதும் பிள்ளைகள்தான். கேட்பது பெரும்பாலும் ஒரே பட்டியலாக இருக்கும்: நாலு அறை, ஒரு மேல்மாடி, முன்னால் இரண்டு தூண். தீபாவளிக்கு எல்லாரும் வந்து தங்க வேண்டுமே!

ஆசை நல்ல ஆசை. ஆனால் அந்த வீட்டில் மற்ற நாளெல்லாம் இருக்கப் போவது இரண்டு பேர். அவர்களில் ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்குச் சர்க்கரை. "எனக்கு மேல்மாடி எதுக்குய்யா? ஏறிப்போய் விளக்குப் போட ஆள் வேணாமா?" என்று கேட்கும் அம்மாவின் பேச்சு பிளானில் ஏறுவதே இல்லை.

புதிதாகப் பிளான் போட உட்காருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். இரவு இரண்டு மணிக்குக் கட்டிலை விட்டு எழுந்து, கழிவறைக்குப் போய், திரும்பி வந்து படுக்கும் பாதையை முதலில் வரையுங்கள். வீட்டின் மற்ற அறைகளை அந்தப் பாதையைச் சுற்றி வையுங்கள். முன்வாசல், தூண், கூரை எல்லாம் அப்புறம்.

முதலில் நிலத்தின் காகிதம்

கெரானை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். நிலத்தின் வகை 'பங்குனான்' (கட்டடம்) என்று இருக்கிறதா, 'பெர்தானியான்' (விவசாயம்) என்று இருக்கிறதா? விவசாய நிலம் என்றால் வீட்டுக்கு பிளான் போடுவதற்கு முன்பு நில அலுவலகத்தில் வகை மாற்றம் பற்றிப் பேசியாக வேண்டும். அதற்குக் காலமும் பணமும் பிடிக்கும். பெயர் யாருடையது, கடன் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அங்கேயே அதிகாரபூர்வத் தேடல் செய்து பார்த்துவிடுங்கள். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலைக் கண்ணால் பார்த்த தலைமுறை இது. ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன், அப்படி விற்பனைக்கு வந்த தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, சிறுகச் சிறுகப் பணம் கட்டி அதில் சேர்ந்தவர்கள் இந்த ஊரிலும் உண்டு. சொந்தப் பெயரில் ஒரு கெரான் என்பது அவர்களுக்குச் சாதாரண விஷயம் கிடையாது. அதனால் இந்த வேலையில் அவசரம் வேண்டாம்.

சுங்கை சிப்புட் என்றால் பிளான் அனுமதிக்குப் போவது கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்கு. உங்கள் கையால் வரைந்த பிளானை அங்கே நேரடியாகக் கொடுக்க முடியாது. பதிவு பெற்ற கட்டடக் கலைஞரோ பதிவு பெற்ற வரைவாளரோதான் சமர்ப்பிக்க வேண்டும். எல்லையிலிருந்து வீடு எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், அதை அவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் வீட்டுக்குள் எது எங்கே என்ற யோசனை உங்களுடையதாக இருக்கட்டும். வரைவாளரிடம் 'ஏதாவது போட்டுக் கொடுங்க' என்று விட்டால், அவரிடம் ஏற்கெனவே இருக்கும் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டுப் பிளான்தான் உங்களுக்கும் வரும்.

அவர்களுடைய ஒரு நாளை எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு அப்பா அம்மா பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை அறை வேண்டும் என்று கேட்காதீர்கள். காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். யார் முதலில் எழுந்திருப்பது? பசியாறுவது மேசையிலா, குசினியில் ஒரு முக்காலியிலா? குளிப்பது எப்போது? துணி காயப் போடுவது யார், மழை வந்தால் ஓடிப்போய் எடுப்பது யார்? மத்தியானம் எங்கே படுக்கிறார்கள்? இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். பிளானுக்கு மிக முக்கியமான பதில் அதுதான், பொறுமையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே கட்டிலா, தனித்தனிக் கட்டிலா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஒருவருக்கு ஏர்கோன் வேண்டும், இன்னொருவருக்குக் காற்றாடியே குளிரும். குறட்டை, இருமல், அடிக்கடி எழுவது என்று காரணம் எத்தனையோ. ஐந்தடிப் பெரிய கட்டிலுக்கு மட்டும் அளவெடுத்த அறையில் பிறகு இரண்டு தனிக் கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் இருவரில் ஒருவர் மட்டும் அந்த வீட்டில் இருப்பார். அதை அவர்கள் முன்னால் பேச வேண்டாம், ஆனால் பிளான் போடும் உங்கள் மனதில் அது இருக்கட்டும். தனியாக இருப்பவர் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமா, குசினியில் நின்றால் கேட் தெரியுமா என்று அப்போதுதான் கேட்கத் தோன்றும்.

வெயிலும் மழையும் தரை மட்டமும்

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய தலைக்கு மேலேதான் போகிறது. அதனால் சூடேறுவது கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவில் உள்ளே விடும். வடக்கையும் தெற்கையும் கூரை நிழலால் சுலபமாகக் காப்பாற்றிவிடலாம். ஆகவே வீட்டின் நீளமான சுவர்கள் வடக்கிலும் தெற்கிலும், குட்டையான சுவர்கள் கிழக்கிலும் மேற்கிலும் இருக்கும்படி பாருங்கள். மேற்குப் பக்கத்தில் குசினி, ஸ்டோர், துணி துவைக்கும் இடம் ஆகியவற்றை வைத்தால் அவை சூட்டைத் தாங்கிக்கொள்ளும். படுக்கையறையை அங்கே வைக்காதீர்கள்.

பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை உங்களுக்குத் தெரிந்ததுதான். கூரை சுவரிலிருந்து நாலடியாவது வெளியே நீண்டிருந்தால் மழை பெய்யும்போதும் சன்னலைத் திறந்து வைக்கலாம். வெறும் தகரக் கூரையின் கீழே மழை நேரத்தில் பேசினால் காது மந்தமானவருக்கு ஒன்றும் கேட்காது. தகரம்தான் என்றால் கீழே வெப்பத் தடுப்பும் சத்தம் தாங்கும் பஞ்சும் போடச் சொல்லுங்கள்.

இனி தரை மட்டம். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை ஒன்றரை அடி, இரண்டடி தூக்கிக் கட்டி, முன்னால் மூன்று படி வைப்பது நம் ஊர் வழக்கம். அந்த மூன்று படியில்தான் பின்னாளில் சிக்கல் வரும். சக்கர நாற்காலி போகும் சாய்தளத்துக்கு ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பதினெட்டு அங்குலம் தூக்கினால் சாய்தளம் பதினெட்டு அடி. முன்வாசலில் அதற்கு இடம் எங்கே? அதற்குப் பதிலாக நிலம் முழுவதையும் மண் கொட்டி மெதுவாக உயர்த்துங்கள். கேட்டிலிருந்து வீடுவரை தெரியாத அளவுக்கு ஏற்றம் இருக்கட்டும். வீட்டுத் தரைக்கும் வெளித் தரைக்கும் ஆறு அங்குல வித்தியாசம் மட்டும் மிஞ்சினால் ஆறடிச் சாய்தளம் போதும். மண் கொட்டச் செலவாகும்தான். இந்த வீட்டில் நான் சிக்கனம் பார்க்கச் சொல்லாத இரண்டு இடங்களில் இது ஒன்று. மண் கொட்டிய பிறகு மழைநீர் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் லோங்காங்குக்கு (சாலையோரக் கால்வாய்க்கு) போக வழி செய்துவிடுங்கள். கேட்டுக்கு முன்னால் இருக்கும் லோங்காங்குக்கு மூடியும் போடுங்கள்.

இரண்டாவது இடம் பாத்ரூம்.

பாத்ரூம்: இங்கே நிதானமாக இருங்கள்

தாமான் வீடுகளில் பாத்ரூமின் கதவு இரண்டரை அடி. உள்ளே கால் வைத்தால் தரை இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கும். கதவு உள்பக்கம் திறக்கும். பளபளப்பான டைல். ஒரு மூலையில் சிமெண்டுத் தொட்டி. வயதானவர் விழுவதற்கு வேண்டிய எல்லாமே அந்த ஐந்தடி இடத்தில் இருக்கும். கதவு உள்பக்கம் திறப்பது ஏன் ஆபத்து என்றால், உள்ளே விழுந்து கிடப்பவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது.

ஒவ்வொன்றாக மாற்றுவோம்.

கதவு மூன்றடி இருக்கட்டும். வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் தள்ளும் கதவாக இருக்க வேண்டும். தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருகித் திறக்கும் வகையாக வாங்குங்கள்.

தரையில் படியே வேண்டாம். படுக்கையறைத் தரையும் பாத்ரூம் தரையும் ஒரே மட்டத்தில் சந்திக்க வேண்டும். 'அப்படிச் செய்தால் தண்ணீர் அறைக்குள் வந்துவிடும்' என்று வீடு கட்டும் குத்தகையாளர் சொல்வார். வராமல் செய்ய வழி இருக்கிறது. தளம் ஊற்றும் முன்பே பாத்ரூம் பகுதியின் கான்கிரீட்டைத் தாழ்த்தி ஊற்ற வேண்டும். அப்புறம் அதன் மேல் சிமெண்டுச் சாந்தால் சரிவு கொடுத்து டைல் ஒட்ட வேண்டும். கதவோரம் அறை மட்டத்தில் தொடங்கி, குளிக்கும் மூலையை நோக்கி ஓரடிக்குக் கால் அங்குலம் வீதம் இறங்கட்டும். கதவை ஒட்டிக் கம்பிமூடி போட்ட நீளமான ஒரு வடிகாலும் வைத்துவிட்டால் வழிகிற தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும். தளம் ஊற்றிய பிறகு இதைக் கேட்டால் உடைத்துத்தான் செய்ய முடியும். அதனால் பிளானிலேயே 'பாத்ரூம் தளம் தாழ்வு, முடிந்த தரை ஒரே மட்டம்' என்று எழுதிவிடுங்கள்.

டைல் வாங்கும்போது வழுக்காத தன்மைக்கான ஆர் எண்ணைக் கேளுங்கள். பாத்ரூமுக்கு ஆர்11, குசினிக்கு ஆர்10 நல்ல தேர்வு. கடையில் அதைத் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள். சிறிய டைல் என்றால் இடையில் கோடு அதிகம், காலுக்குப் பிடிப்பும் அதிகம். தரையும் சுவரும் ஒரே வெள்ளை நிறமாக இருக்க வேண்டாம். கண்புரை உள்ளவருக்குத் தரை எங்கே முடிகிறது என்று தெரியாது.

குளிக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வாழ்நாள் முழுவதும் தொட்டியில் தண்ணீர் பிடித்துக் காயோங் என்ற கைப்பிடிக் குவளையால் மொண்டு ஊற்றிக் குளித்தவர்களிடம் ஷவரை மட்டும் காட்டினால் அவர்களுக்குக் குளித்த மாதிரியே இருக்காது. தொட்டியை அப்படியே வைத்தாலும் குனிந்து மொள்ள வேண்டும், கொசு முட்டையிடும், டெங்கிக் காய்ச்சல் பயம் வேறு. நான் செய்யும் ஏற்பாடு இது: சுவரோடு சேர்த்துக் கட்டிய பதினெட்டு அங்குல உயர இருக்கை. அதன் வலப்பக்கத்தில் அதே உயரத்துக்கு ஒரு சின்ன மேடை. மேடையில் ஒரு வாளி, அதற்கு மேலே குழாய். உட்கார்ந்தபடியே காயோங்கால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம், குனிய வேண்டியதில்லை. பக்கத்திலேயே கைக்கு எட்டும் உயரத்தில் கை ஷவர். இன்னொருவர் குளிப்பாட்டிவிட வேண்டிய நாள் வந்தால் அது உதவும். இடக்கைப் பழக்கம் என்றால் மேடையை மாற்றிப் போடுங்கள்.

கழிவறை உட்காரும் வகையாகவே இருக்கட்டும். இருக்கையின் உயரம் பதினேழிலிருந்து பத்தொன்பது அங்குலத்துக்குள். அப்பாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எந்த உயரத்திலிருந்து கையூன்றாமல் எழுகிறார் என்று பார்த்தால் சரியான அளவு கிடைத்துவிடும். பக்கச் சுவரில் ஒரு பிடிகம்பி, குளிக்கும் இருக்கைக்குப் பக்கத்தில் இன்னொன்று. துண்டு மாட்டும் கம்பி பிடிகம்பி ஆகாது, ஆள் கனத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கம்பி வரும் இடத்தில் சுவர் முழுச் செங்கல்லாக இருக்க வேண்டும் என்பதையும் பிளானில் எழுதுங்கள். கம்பி இன்றைக்கே வேண்டாம் என்று அவர்கள் சொன்னாலும் சுவரைத் தயாராக வைத்துவிடுங்கள்.

பாத்ரூமின் அளவு? நடுவில் ஐந்தடி வட்டம் ஒன்று காலியாக இருக்க வேண்டும். சக்கர நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப அவ்வளவு இடம் தேவை. எட்டுக்கு ஏழு அடி இருந்தால் கழிவறையும் குளிக்கும் இருக்கையும் ஓரத்துக்குப் போய், அந்த வட்டம் கிடைத்துவிடும்.

ஒரு மாதிரிப் பிளான்

நிலம் 45 அடி அகலம், 80 அடி நீளம், கிழக்கே சாலை என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 20 அடி விட்டு, 7 அடி ஆழத்தில் ஓர் அஞ்சடி, அதாவது முன் தாழ்வாரம். அதன் பின்னால் 28 அடி அகலமும் 35 அடி நீளமும் கொண்ட வீடு, அதாவது 980 சதுர அடி. பின்னால் 8 அடிக்கு வெளிக் குசினி. கடைசியில் 10 அடி காலி இடம்.

வீட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிரியுங்கள். வடக்குப் பக்கம் 16 அடி அகலம், தெற்குப் பக்கம் 12 அடி அகலம். சுவர் கனத்தைக் கழித்தால் உள்ளளவு கொஞ்சம் குறையும்.

வடக்குப் பக்கத்தில் கிழக்கிலிருந்து ஹால் 14 அடி, சாப்பிடும் இடம் 10 அடி, குசினி 11 அடி. ஹாலுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. அப்போது 16 அடிக்கு 24 அடி ஒரே திறந்த இடம். தீபாவளிக்குப் பேரப் பிள்ளைகள் பாய் போட்டு வரிசையாகப் படுக்க, நல்லது கெட்டதுக்கு நாலு பேர் கூட, இது போதும். மூன்றாவது, நான்காவது அறை கட்டும் பணம் மிச்சம்.

தெற்குப் பக்கத்தில் கிழக்கிலிருந்து இரண்டாவது அறை 11 அடி, பெரியவர்களின் அறை 13 அடி, பாத்ரூம் வரிசை 7 அடி, கடைசியில் துணி துவைக்கவும் வந்தவர்கள் கழிவறைக்கும் 4 அடி. பெரியவர்களின் அறை நடுவில் இருப்பதால் மேற்கு வெயில் அதைத் தொடாது. பாத்ரூம், வந்தவர் கழிவறை, துவைக்கும் இடம், குசினி எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி இருப்பதால் குழாய் வேலையும் சுருக்கம்.

7 அடி வரிசையில் வெளிச்சுவரை ஒட்டிய 8 அடிதான் பாத்ரூம். உள்பக்கம் மிஞ்சும் 4 அடியில் இப்போதைக்குப் படுக்கை விரிப்பு வைக்க ஓர் அலமாரி. ஆனால் குசினிப் பக்கச் சுவரில் அங்கே ஒரு கதவுக்கு வேண்டிய உத்திரத்தை இப்போதே போட்டுவிடுங்கள். வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் நாள் வந்தால், அலமாரியை எடுத்துவிட்டுக் குசினியிலிருந்து நேராக பாத்ரூமுக்கு வழி திறந்துவிடலாம்.

பெரியவர்களின் அறையில் கட்டில்களின் தலைமாடு கிழக்குச் சுவரில். மூன்றடிக் கட்டில் இரண்டு, நடுவில் இரண்டரை அடி இடைவெளி. பாத்ரூம் கதவு கால்மாட்டுக்கு எதிரே மேற்குச் சுவரில். எழுந்தால் ஐந்தாறு எட்டு, வழியில் அலமாரியோ மேசையோ கிடையாது. அறைக்கதவு சாப்பிடும் இடத்தில் திறந்து, அங்கிருந்து முன்வாசல்வரை தடையில்லாத பாதை. ஆம்புலன்ஸ் வந்து ஸ்ட்ரெச்சர் எடுக்கும்போது எந்த மூலையிலும் மடக்கித் திருப்ப வேண்டியிருக்காது. நம் ஊரிலிருந்து ஈப்போ பெரிய மருத்துவமனை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வீட்டுக்குள்ளேயே நேரத்தை இழக்கக் கூடாது.

சட்டத்தின் அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களின்படி முதல் அறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது 9.3 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது. ஏறத்தாழ 118, 100 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய இரண்டு அறைகளும் அதைத் தாண்டிவிடும். அறைகளின் உயரம் 2.5 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும், நான் பத்தடி வைக்கச் சொல்வேன். சன்னல் பரப்பு தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. பெரியவர்களின் அறைக்கு நாலடிக்கு நாலடிச் சன்னல் ஒன்று அந்தக் கணக்கைத் தொடும், ஆனால் அதோடு நிற்காதீர்கள். அறைக்கு வெளிச்சுவர் ஒன்றுதான் என்பதால் காற்று உள்ளே வந்து வெளியேற வழி வேண்டும். அறைக்கதவுக்கு மேலே காற்றுத் துளைக் கற்கள் வையுங்கள். சன்னலுக்குக் கண்ணாடிப் பட்டை அடுக்கிய நாக்கோ வகை வயதானவர்களுக்கு வசதி. ஒரு பிடியை இழுத்தால் திறக்கும், எட்டிப்போய்த் தள்ள வேண்டியதில்லை. எல்லாச் சன்னலுக்கும் கொசுவலை.

சக்கர நாற்காலி, சாய்தளம் போன்றவற்றின் அளவுகள் மேலும் வேண்டுமானால் வரைவாளரிடம் எம்எஸ் 1184 என்ற மலேசியத் தர நிர்ணயத்தைக் கேட்டுப் பாருங்கள்.

வாஸ்து கேட்பவர்களுக்கு

இந்தப் பிளானில் குசினி வடமேற்கில், அதாவது வாயு மூலையில் விழுகிறது. அக்னி மூலை கிடைக்காதபோது அதை ஏற்றுக்கொள்வார்கள். வீடு கிழக்குப் பார்த்தது, ஈசான்ய மூலையில் ஹால். சாமி மேடையை அங்கேயே வைக்கலாம். பெரியவர்களின் மனம் நிறைவது முக்கியம், அதனால் முடிந்தவரை ஒத்துப்போங்கள். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கழிவறையைக் கட்டிலிலிருந்து தூரமாகக் கொண்டுபோகச் சொன்னால், வேறு எதையாவது மாற்றிக்கொள்கிறோம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

சாமி மேடையின் உயரத்தையும் கவனியுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூசை செய்தவர்களுக்கு ஒரு வயதுக்கு மேல் எழுவது சிரமம். மேடை மூன்றடி உயரத்தில் இருந்தால் நின்றும் தீபம் காட்டலாம், நாற்காலியில் உட்கார்ந்தும் காட்டலாம். கீழே எண்ணெய், திரி, ஊதுபத்தி வைக்க இழுப்பறை. காற்றாடிக்கு நேர் கீழே வைக்காதீர்கள், விளக்கு நிற்காது.

குசினி

உள்ளே ஒரு குசினி, வெளியே ஒரு குசினி என்பது நம் ஊர் வழக்கம். மீன் கழுவவும் சம்பால் வதக்கவும் வெளியே. தேநீர் கலக்கவும் சோறு ஆக்கவும் உள்ளே. இரண்டுக்கும் நடுவே படி வைக்காதீர்கள். கொதிக்கும் சட்டியோடு படி இறங்குவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. வெளிக் குசினியின் தரையும் அதே மட்டத்தில் இருக்கட்டும், மழைச் சாரலுக்குக் கூரையை நீட்டிக்கொள்ளலாம்.

அம்மா நேராக நின்று முழங்கையை மடக்கினால் வரும் உயரத்துக்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. கடைக்காரர் சொல்லும் பொது அளவு உயரமான ஆட்களுக்கானது. மேடையின் ஒரு பகுதியைக் கீழே அலமாரி இல்லாமல் காலியாக விடுங்கள். நாற்காலியை உள்ளே தள்ளி உட்கார்ந்து காய் நறுக்கலாம். தினமும் எடுக்கும் பொருள் எதுவும் தோளுக்கு மேலேயோ முழங்காலுக்குக் கீழேயோ இருக்கக் கூடாது. எரிவாயுத் தோம்பு வெளியே, தம்பி ஒருவன் தோளில் தூக்கிவந்து வைக்கும்படி பின்வழியில்.

அஞ்சடி

லயத்து வீட்டில் நல்லதாக இருந்த ஒன்று முன்னால் இருந்த திறந்த அஞ்சடி. சாயங்காலம் அங்கே உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். டவுனுக்கு வந்து, உயரமான மதிலுக்கும் இரும்புக் கேட்டுக்கும் பின்னால் அடைந்து கிடக்கும் பெரியவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கஷ்டமாக இருக்கிறது. மதிலை நாலடியோடு நிறுத்தி அதற்கு மேல் கம்பி போடுங்கள். அஞ்சடி ஏழடி ஆழமாவது இருக்க வேண்டும், இரண்டு நாற்காலி போட்ட பிறகும் ஒருவர் தாண்டிப் போக இடம் வேண்டுமே. கார் நிற்கும் இடத்தை அஞ்சடிக்கு முன்னால் வைக்காதீர்கள், பக்கத்தில் வையுங்கள். வீட்டில் இருப்பவருக்குச் சாலை தெரிய வேண்டும், சாலையில் போகிறவருக்கும் அவர் தெரிய வேண்டும். கதவு திறக்காத காலையில் ஏன் என்று கேட்டு வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

மின்சாரமும் கிரில்லும்

படுக்கையறை விளக்குக்கு இரண்டு சுவிட்ச்: ஒன்று கதவருகில், ஒன்று கட்டிலில் படுத்தபடி எட்டும் இடத்தில். பாத்ரூம் போகும் வழியில் கணுக்கால் உயரத்தில் தானாக எரியும் சின்ன விளக்கு. மின் சாக்கெட்டுகள் தரையோடு இல்லாமல் இரண்டடி உயரத்தில். கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு சாக்கெட் கூடுதலாக வையுங்கள், நெபுலைசரோ ஆக்சிஜன் இயந்திரமோ ஒரு நாள் தேவைப்படலாம். வெந்நீர்க் கருவிக்குத் தனியாக, மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறதா என்று மின்பணியாளரிடம் கேட்டு, கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருட்டுப் பயத்தில் எல்லாச் சன்னலுக்கும் கிரில் போட்டு, முன்கதவில் பூட்டும் போட்டுச் சாவியை அம்மா தலையணைக்குக் கீழே வைப்பார். தீப்பிடித்தால்? படுக்கையறைச் சன்னல் கிரில்களில் ஒன்று உள்பக்கம் சாவியில்லாமல் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். செய்யும் பட்டறையில் கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

ராஃபியா கயிறு கட்டிப் பாருங்கள்

கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஓரடி என்று வரைந்து, கட்டில், அலமாரி, சோபாவை அட்டையில் வெட்டி வைத்து நகர்த்திப் பார்த்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. வரைவாளரிடம் கொடுப்பதற்கு முன்பு காலி நிலத்துக்குப் போய், குச்சி ஊன்றி, ராஃபியா கயிற்றால் அறைகளை நிஜ அளவில் கட்டுங்கள். அப்பா அம்மாவை அழைத்துப்போய் அதற்குள் நடக்கவிடுங்கள். கட்டில் இருக்கும் இடத்தில் ஒரு நாற்காலி, கழிவறை இருக்கும் இடத்தில் இன்னொன்று. எழுந்து போய் உட்காரட்டும். தாளில் தலையாட்டியவர்கள் இங்கே வாய் திறப்பார்கள். 'இந்தக் கதவு இந்தப் பக்கம் இருந்தா நல்லா இருக்கும்' என்று அம்மா கையைக் காட்டும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கயிற்றை நகர்த்தக் காசு கிடையாது.

சாவி வாங்கும் முன்

வீடு முடிந்ததும் குடியேற சிசிசி எனும் கட்டட நிறைவு, இணக்கச் சான்றிதழ் வேண்டும். 2007 முதல் இதைக் கொடுப்பது உங்கள் பிளானைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞரோ வரைவாளரோதான். அதற்கு முன் ஒவ்வொரு கட்ட வேலைக்கும் ஜி1 முதல் ஜி21 வரை படிவங்கள் கையெழுத்தாக வேண்டும். சிசிசி இல்லாமல் குடியேறச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். குத்தகையாளரிடம் ஒப்பந்தம் போடும்போதே கடைசித் தவணையில் ஒரு பகுதியைக் குறைகளைச் சரிசெய்யும்வரை நிறுத்திவைப்போம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு பாத்ரூமில் இரண்டு வாளித் தண்ணீரைக் கதவோரத்தில் ஊற்றுங்கள். எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று நின்று பாருங்கள். பிடிகம்பியில் உங்கள் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்குங்கள். ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, கேட்டிலிருந்து கட்டில்வரை, கட்டிலிலிருந்து கழிவறைவரை தள்ளிப் பாருங்கள். எங்கே சக்கரம் இடிக்கிறதோ அங்கே சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, குத்தகையாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.